உதட்டுக்கு முந்திய குரல்

டப்பிங் தியேட்டரில் அவருக்கு ஒட்டு மாஸ்டர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், வாசலில் நிற்கும் காவலாளியே "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வேற்று மொழிப் படத்தில் யாரோ ஒரு நடிகர் வாயை அசைப்பார். அந்த வாயின் மேல் நம் மொழிக் குரலைக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். அதுதான் அவர் வேலை. ஏனோதானோ என்று ஒட்டுபவர்கள் ஊரில் நிறைய உண்டு. இவர் அப்படியில்லை. 'ப' வருகிற இடத்தில் திரையில் உதடு மூடியிருக்க வேண்டும். 'ஆ' வருகிற இடத்தில் தாடை இறங்கியிருக்க வேண்டும். ஒரு 'ம' இடம் மாறினாலும் அவருக்குச் சோறு இறங்காது. குரல் கொடுக்க வருகிறவர்கள், "மாஸ்டர் கண்ணுல மாட்டினா அவ்வளவுதான்" என்று கேலி பேசிக்கொண்டே மறுபடியும் மைக் முன்னால் போய் நிற்பார்கள்.

அவர் கண்ணையும் காதையும் நம்பி ஒரு வீடு நடந்தது. மனைவி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். ஒரே மகள் படித்து முடித்து வேலை கிடைத்து வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பேருக்கு அந்த வீடு கொஞ்சம் பெரியதாக இருந்தது. அதைப் பேச்சால் நிரப்புவது மனைவியின் பொறுப்பு. கடைக்கு வந்தவர்கள், மாத்திரை பெயரைத் தப்பாகச் சொன்னவர்கள், மேனேஜரின் புதுத் தலைச்சாயம் என்று அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அவர் அவள் வாயையே பார்த்தபடி கேட்பார். தொழில் பழக்கம். "கேக்குறீங்களா, இல்ல என் வாய்க்கும் மார்க் போடுறீங்களா?" என்பாள்.

ஒரு நாள் காலையில் குளியலறையில் அவருக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சரியாகிவிட்டது. வெளியே வந்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது மனைவி டீயை நீட்டினாள்.

"சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன், குடிச்சுப் பாருங்க."

அவர் காதில் அந்த வாக்கியம் முந்தி விழுந்துகொண்டிருந்தது. அவள் உதடுகள் பின்னால் வந்தன. 'பாருங்க' என்ற குரல் முடிந்த பிறகும் அவள் வாய் ஒரு கணம் அசைந்து, அப்புறம்தான் மூடியது.

அவருக்குத் திக்கென்றது. முந்தின வாரம்தான் புதுக் கண்ணாடி வாங்கியிருந்தார், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி. பழக நாள் ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதுதான் என்று நினைத்துக்கொண்டார். டிவியில் செய்தி வாசித்த பெண்ணுக்கும் குரல் முந்தி ஓடியது. கேபிள்காரனைத் திட்டினார். மேசையிலிருந்து ஸ்பூன் தவறி விழுந்தது. 'கிளிங்' என்ற சத்தம் கேட்ட பிறகு அந்த ஸ்பூன் தரையைத் தொட்டது. அதற்கு யாரைத் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று ஒரு குடும்பப் படம். கதாநாயகி தன் அண்ணனிடம் சண்டை போடுகிற நீளமான காட்சி. குரல் எல்லாம் முந்தின நாளே பதிவாகியிருந்தது. கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தவர் அதிர்ந்து போனார். ஒரு வசனம்கூட ஒட்டவில்லை. எல்லாக் குரலும் உதட்டுக்கு முன்னால் பாய்ந்துகொண்டிருந்தது. மெஷினில் ஏதோ கோளாறு என்று பக்கத்து அறை ஆளைக் கூப்பிட்டு, "யாரு என் செட்டிங்ல கை வெச்சது?" என்று சத்தம் போட்டார். அந்த ஆள் விழித்தார். "எனக்குச் சரியாத்தான் தெரியுது மாஸ்டர்" என்று முனகிவிட்டுப் போனார்.

மாஸ்டர் உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாகப் பின்னுக்குத் தள்ளினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் டப்பிங் டைரக்டர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தபோது மொத்தக் காட்சியும் கச்சிதமாக இருந்தது. 'ப' எல்லாம் மூடிய உதட்டில், 'ஆ' எல்லாம் இறங்கிய தாடையில். மாஸ்டருக்கே தன் வேலையின் மேல் ஒரு கர்வம் வந்தது.

பாதியில் டைரக்டர் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. என்ன மாஸ்டர் இது? அந்தப் பொண்ணு வாயைத் தொறந்து மூடி, மூச்சு வாங்கின பிறகு குரல் வருது?"

"சரியாத்தானே சார் இருக்கு?"

"விளையாடுறீங்களா? நீங்களே பாருங்க."

திரும்பி டைரக்டரின் முகத்தைப் பார்த்தார். 'நீங்களே பாருங்க' காதில் வந்து சேர்ந்துவிட்டது. டைரக்டரின் வாய் அப்போதுதான் 'நீங்களே' என்று விரிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கதாநாயகிக்குக் குரல் கொடுத்த பெண் பரிதாபமாகத் தரையைப் பார்த்தாள்.

மாஸ்டர் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டார். கண்ணாடியைக் கழற்றினார். சுவரில் இருந்த முகக்கண்ணாடியைப் பார்த்து மெதுவாக, "பாப்பா" என்றார். மகளைச் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவார். குரல் வந்தது. பிறகுதான் கண்ணாடியில் இருந்த மனிதன் உதட்டை மூடித் திறந்தான். இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் அதேதான். யாரோ ஒருவன் அவர் பேசுவதைக் கேட்டு, அவரைப் பார்த்து நடிப்பது போல் இருந்தது. கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்பது ஒரு காரணம். என்ன சொல்வது என்று தெரியாததுதான் உண்மையான காரணம். காதிலும் கோளாறு இல்லை, கண்ணிலும் இல்லை. இரண்டும் தனித்தனியாக ஒழுங்காகவே வேலை செய்தன. ஒன்றோடொன்று பேச்சு வார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். அவள் பேசும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பார்க்காமல் கேட்டால் எல்லாம் பழையபடி இருந்தது. பார்த்தால்தான் தொந்தரவு. அவள் குரலை வேறு யாரோ பேச, அவள் வெறுமனே வாயசைப்பது போல் இருந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மனைவி, தட்டை ணங்கென்று வைத்தாள்.

"என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லிடுங்க. சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு எனக்கு."

"அப்படி ஒண்ணும் இல்லை."

"இதையும் ஜன்னலைப் பார்த்துதான் சொல்றீங்க!"

அன்றைக்குச் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. முன்னால் வருகிறது என்றால் என்ன, எது முன்னால், எது பின்னால் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆனால் தலை சுற்றிய விஷயம் வந்ததும் மருந்துக் கடைக்காரியாகிவிட்டாள். "தலை சுத்துச்சா? எப்போ? ஏன் அப்பவே சொல்லலை?" மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு டாக்டர் ஒரு சின்னத் தழும்பைக் காட்டினார். மூளைக்குள் எப்போதோ கடுகளவு ரத்தம் உறைந்து தடம் விட்டிருந்தது. பிறகு புலன்களைச் சோதிக்கும் உளவியல் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டரம்மா அவரை இருட்டறையில் உட்கார வைத்து, ஒரு வெளிச்சமும் ஒரு பீப் சத்தமும் விட்டு, "எது முதல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்ததாகத் திரையில் ஒரு பெண் முகம் 'கா' என்று வாயசைத்தது. ஒலிபெருக்கி 'பா' என்றது. சாதாரணமாக எல்லோருக்கும் அது 'தா' என்று கேட்குமாம். உதடு ஒன்றும் ஒலி ஒன்றுமாகச் சேர்ந்து மூளைக்குள் மூன்றாவதாக ஒன்று பிறக்கும். அவருக்குக் குரலை முந்தவிட்டால்தான் 'தா' கேட்டது. ஆனால் இரண்டும் ஒன்றாக வருவது போல் தோன்ற வேண்டும் என்றால் குரல் பிந்தி வர வேண்டியிருந்தது.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"யாருக்குமே சத்தமும் காட்சியும் மூளைக்குள்ள ஒரே நேரத்துல போய்ச் சேர்றதில்லைங்க. ரெண்டும் வேற வேற வழி, வேற வேற வேகம். முன்னாடி வந்ததைக் கொஞ்சம் உட்கார வெச்சு, பின்னாடி வர்றதையும் சேர்த்துக்கிட்டு, 'ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தாங்க'ன்னு மூளை நமக்குச் சொல்லுது. நீங்க ஸ்டுடியோல செய்றீங்களே, அதே ஒட்டு வேலை."

"எனக்கு இப்போ ஒட்டலை."

"ஆமா. அதுலயும் உங்க தலைக்குள்ள ரெண்டு கடிகாரம் ஓடுது. 'தா'வை ஒட்டுற கடிகாரத்துக்குக் குரல் முந்தி வரணும், ஒண்ணா வந்துச்சான்னு பார்க்கிற கடிகாரத்துக்குப் பிந்தி வரணும்."

"எதைத் திருத்தினா சரியாகும்?"

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். "போகப் போக மூளை தானே பழகிக்கலாம். பழகாமலும் போகலாம். இதுக்குன்னு மாத்திரை கிடையாது. மறுபடி ரத்தம் உறையாம இருக்க மட்டும்தான் மருந்து தர முடியும்."

மனைவி சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவளே நாள் முழுக்க எடுத்துக் கொடுக்கிற மாத்திரைதான். "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். டாக்டரம்மா தலையாட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே நெட்வொர்க் சரியில்லை. படம் நின்று நின்று வந்தது, குரல் தனியாக ஓடியது. மனைவி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "இப்படியா? உங்களுக்கு இப்படியா தெரியுது நான் பேசுறது?" என்றாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் நெட்வொர்க்கின் தாறுமாறில் எப்படியோ குரல் தாமதமாகி, மகளின் உதட்டில் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தது. "அப்பா, என்ன உம்முனு இருக்கீங்க?" என்று மகள் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் விழுந்தது. அவர் போனைக் கையில் வாங்கி, விட்டால் உடைந்துவிடுமோ என்பது போல் பிடித்துக்கொண்டு பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"இவ பேசுறது சரியா இருக்கா உங்களுக்கு?" மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"ம்."

"அப்போ என் வாய் மட்டும்தான் ஒட்ட மாட்டேங்குது." எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கணத்தில்தான் அவருக்கு யோசனை வந்தது. குரலைத் தாமதப்படுத்தினால் சரியாகிறது என்றால், அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அதுதானே? பழைய ஸ்டுடியோ ஹெட்போன் ஒன்றை எடுத்தார். வெளிச் சத்தம் உள்ளே வராதபடி காதை அடைக்கிற வகை. சட்டைப் பையில் ஒரு சின்ன மைக், இடுப்பில் சத்தத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துப் பிறகு விடுகிற ஒரு பெட்டி. மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஏதாவது பேசு."

"என்ன கோலம் இது? ஹெலிகாப்டர் ஓட்டப் போறீங்களா?"

அவர் பெட்டியின் திருகை மெல்லத் திருப்பினார். "இன்னும் பேசு" என்று கையால் காட்டினார்.

"என்னத்தைப் பேச? வெங்காயம் அழுகிப் போச்சு. நாளைக்கு எனக்கு மதிய ஷிஃப்ட். நீங்க காலையில மாத்திரை போடலை, எனக்குத் தெரியும், அட்டையைப் பார்த்தேன்..."

'மாத்திரை' என்ற சொல்லில் 'ம' அவள் மூடிய உதட்டில் வந்து பொருந்தியது. குரலும் முகமும் ஒரே ஆளுடையதாகின. இத்தனை நாள் காணாமல் போயிருந்தவள் கையில் அழுகிய வெங்காயத்தோடு திரும்பி வந்து நின்றாள். அவர் வாய்விட்டு, "வந்துட்ட" என்று சொல்லப் போனார்.

"வ... வ... வந்த்... த்த்..."

நாக்கு குழறியது. அவருடைய குரலும் அதே மைக் வழியாகத் தாமதமாகத்தான் அவர் காதுக்குப் போனது. ஒரு எழுத்தைச் சொல்லி, அது காதில் விழாமல் போக, மறுபடி சொல்ல, அதற்குள் முதலாவது வந்து இரண்டாவதோடு மோதியது. குடித்தவன் மாதிரி இழுத்தார். மனைவி பதறி, மறுபடி ரத்தம் உறைந்துவிட்டதோ என்று அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். அவர் ஹெட்போனைக் கழற்றி, "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்றார். கழற்றியதும் அவள் வாய் மறுபடியும் பின்தங்கிவிட்டது.

ஆக, அவளைக் கேட்க வேண்டுமென்றால் மாட்ட வேண்டும். அவளோடு பேச வேண்டுமென்றால் கழற்ற வேண்டும். அப்படியும் கொஞ்ச நாள் ஓட்டினார்கள். அவள் பேசி முடித்ததும் விரலால் தட்டுவாள், அவர் கழற்றிப் பதில் சொல்வார், மறுபடி மாட்டுவார். சண்டை வந்தால்தான் வேடிக்கை. அவர் ஹெட்போனைக் கழற்றுவதற்குள் அவளுக்குக் கோபம் ஆறிவிடும். இரண்டு பேரும் சிரித்துக்கூட விட்டார்கள். தப்பித்துவிட்டோம் என்று அவர் நினைத்தார்.

பிறகு ஒரு நாள் 'ம' மறுபடியும் முந்தியது. பெட்டியில் ஏதோ பழுது என்று திருகைக் கூட்டினார். சரியாயிற்று. அடுத்த வாரம் இன்னும் கூட்ட வேண்டியிருந்தது. பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. டாக்டரம்மாவிடம் ஓடினார். அவள் அந்தக் கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அருமையா செஞ்சிருக்கீங்க. ஆனா மூளை சும்மா இருக்காதுங்க. நீங்க கொடுக்கிற தாமதத்தையே வழக்கம்னு எடுத்துக்கிட்டு அதுக்கும் மேல நகர்ந்து போகுது. நீங்க கூட்டக் கூட்ட அதுவும் கூட்டும். இதைக் கழற்றி வெச்சிடுங்க."

"கழற்றினா பழைய இடத்துக்கு வருமா?"

"தெரியலை." அவள் பொய் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஆறுதலுக்காவது பொய் சொல்லியிருக்கலாம்.

ஸ்டுடியோவில் யாரும் அவரை விரட்டவில்லை. "நல்லா ரெஸ்ட் எடுங்க மாஸ்டர்" என்றார்கள், மரியாதையாக. அவர் நாற்காலியில் பக்கத்து அறை ஆள் உட்கார்ந்தார். முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பி வைத்த பிறகு மூன்று மாதம் யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் பார்வையற்றோருக்கு ஒலிப்புத்தகம் பதிவு செய்கிற ஓர் இடத்தில் வேலை கிடைத்தது. அங்கே திரை இல்லை. வாசிக்கிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பார், இவர் குனிந்தே இருந்துவிடலாம். சம்பளம் பரவாயில்லை. மூச்சுச் சத்தம், பக்கம் புரளும் சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துச் சுத்தம் செய்தார். நன்றாகச் செய்தார். ஆனால் அந்த வேலையில் அவருக்குச் சோறு இறங்காமல் போகிற மாதிரி எதுவும் இல்லை.

ஹெட்போன் அலமாரிக்குப் போன பிறகு மனைவி தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பேசும்போது துப்பட்டாவாலோ கையாலோ வாயை மறைத்துக்கொள்வாள். கண்ணை மட்டும் பார்க்கலாம். மாடிப்படியில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "புருஷன் பொண்டாட்டிக்குள்ள இன்னும் ரகசியம் தீரலையா?" என்று கேலி செய்தாள். இரண்டு பேரும் சிரித்து மழுப்பினார்கள்.

அந்த வருடக் கடைசியில் மனைவியின் அக்கா படுக்கையில் விழுந்தாள். தாயில்லாத பிள்ளையாக நின்ற இவளைத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியது அந்த அக்காதான். மனைவி ஷிஃப்ட் முடிந்ததும் ஆஸ்பத்திரி, அங்கிருந்து வீடு, மறுபடி கடை என்று ஓடினாள். ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. அவள் எழுந்துபோய்ப் பேசினாள். இல்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா..." என்ற அலறல் கேட்டது. அவள் முகத்தில் இன்னும் ஒன்றும் இல்லை. ஒரு கணம், அழுகை வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் கண்ணுக்கு எதிரே எதுவும் நடக்காத ஒரு முகம் இருந்தது. பிறகு அது உடைந்தது.

ஓடிப்போய் அவளைத் தாங்கினார். அவள் தரையில் சரிந்தாள். அவள் தேம்புவது கேட்டது, நின்றது. நின்ற பிறகும் உதடு தேம்பிக்கொண்டிருந்தது. எந்த அழுகைக்கு ஆறுதல் சொல்வது, கேட்டதற்கா, பார்ப்பதற்கா என்று தெரியாமல் அவருக்குத் தலை சுழன்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவளை மார்போடு அணைத்தார். இருட்டில் அவள் முழுதாக இருந்தாள். சூடாக, ஈரமாக, ஒரே ஆளாக இருந்தாள்.

அவள் கை அவர் முகத்தைத் தடவியது. இமையைத் தொட்டது.

"கண்ணை மூடாதீங்க" என்றாள். "எனக்கு யாருமில்லாத மாதிரி இருக்கு. என்னைப் பாருங்க."

"பார்த்தா எனக்கு நீ..."

"தெரியும். இருந்தாலும் பாருங்க."

அவர் கண்ணைத் திறந்தார். அவள் வாயை மறைத்துக்கொள்ளவில்லை. அக்கா கடைசியாகக் கேட்டது தண்ணீராம், கொடுப்பதற்குள் போய்விட்டாளாம், நான் இன்றைக்கு லீவு போட்டிருக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். சொற்கள் முதலில் வந்தன. உதடுகள் பின்னாலேயே தடுமாறிக்கொண்டு வந்தன. அவர் ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே மாட்டிக்கொண்டு, எதையும் ஒட்ட வைக்க முடியாமல், அவள் கையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.